பதினோராம் துளையின் திசை

எங்கள் அத்தானின் வாழ்க்கை வரலாறு ஏற்கெனவே அச்சில் வந்துவிட்டது. மொத்தம் ஒன்றரை வரி. ஒரு குன்றில் செம்பும் ஈயமும் துத்தநாகமும் தேடிய கம்பெனியின் அறிக்கையில், நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது: "பதினோராம் துளையில் பதிவான கனிமம் நம்பத்தக்கதல்ல, பாறைப் பெட்டிகளைக் கையாண்டவரின் குளறுபடியாக இருக்கலாம்." அவர் பெயர்கூட அதில் கிடையாது. கையாண்டவர் என்றால் என் அக்காவின் கணவர்.

அந்தக் கம்பெனி போய் அடுத்த கம்பெனி வந்தது. அது குன்றுக்கு மேலே ஒரு விமானத்தை நாலு தடவை ஓட்டிவிட்டு, பழைய அறிக்கையிலிருந்து அந்த ஒன்றரை வரியை எழுத்து மாறாமல் எடுத்துப் போட்டுக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் நாங்கள் இப்படிச் செய்தபோது முட்டி போட வைத்தார்கள். நான் அதிகம் படித்தவன் இல்லை, டிரில் ஓட்டிப் பிழைத்தவன். ஆனால் அந்த வரி பொய் என்று எனக்குத் தெரியும். குளறுபடி அவருடையது அல்ல, என்னுடையது.

குன்றைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆடு மேய்த்த ஒருவர் பச்சைக் கறை படிந்த கல் ஒன்றைக் கொண்டுபோய் அதிகாரிகளிடம் கொடுத்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது. செம்பு வெயிலிலும் மழையிலும் கிடந்தால் அப்படிப் பச்சையாகக் கசியும். அரசாங்கத் துறைக்காரர்கள் வந்து நீளநீளமாகப் பள்ளம் தோண்டினார்கள், ஆறு துளை போட்டார்கள், நூல் நூலாகக் கொஞ்சம் கனிமத்தைப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பத்து வருஷம் கழித்து எங்கள் கம்பெனி வந்து ஏழாம் எண்ணிலிருந்து தொடர்ந்தது.

ஜியாலஜிஸ்டுகள் எங்களுக்குச் சொன்ன கதை இது. அந்த இடம் ஒரு காலத்தில் கடலடி. அடியிலிருந்து கொதிநீர் பீறிட்டு, உலோகங்களைக் கொண்டுவந்து சேற்றோடு சேறாகப் படியவைத்தது. பிறகு பூமி நெருக்கிய நெருக்கில் அந்தப் படிவம் மடிந்து, ஏறக்குறைய செங்குத்தாக நின்றுவிட்டது. மண்ணுக்குள் ஒரு பாயை நிறுத்திவைத்த மாதிரி. பாய் முழுக்கக் கனிமம் இருக்காது, கிழிசலுக்கு ஒட்டுப் போட்டதுபோல் அங்கங்கேதான் இருக்கும். மேலிருந்து சாய்வாக ஊசியை விட்டு அந்த ஒட்டைக் குத்துவது எங்கள் வேலை. திசை கொஞ்சம் பிசகினால் வெறும் பாயைக் குத்திவிட்டு வருவோம்.

டிரில் பாறையை உருளையாக அறுத்து மேலே அனுப்பும். கைப்பிடிக்குள் அடங்கும் தடிமன். அதைக் கோர் என்போம். சேறும் கிரீஸுமாக வரும் கோரைக் கழுவி, உடைந்த முனைகளைப் பொருத்தி, புத்தகத்தில் வரி ஓடுவதுபோல் மரப்பெட்டியில் இடமிருந்து வலமாக அடுக்குவது அத்தானின் வேலை. எத்தனையாவது மீட்டர் என்று மரக்கட்டையில் எழுதி நடுநடுவே வைப்பார். ஒரு துண்டுகூடத் தலைகீழாகத் திரும்பிவிடக் கூடாது என்று சிவப்புப் பென்சிலால் கோர் நெடுக ஒரு கோடு இழுப்பார். பொருந்திய இடத்தில் கட்டைவிரலை ஓட்டிப் பார்ப்பார். விரல் இடறினால் எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. பிறகு ரம்பத்தில் நெட்டுக்குப் பாதியாக அறுத்து, ஒரு பாதியைச் சோதனைச்சாலைக்கு அனுப்பிவிட்டு, மறு பாதியைப் பெட்டியிலேயே வைத்திருப்பார். கொட்டகை முழுக்க வெள்ளைத் தூசு பறக்கும். எல்லோரும் அவரைப் பெட்டி மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

வீட்டிலும் அதே கதைதான். சமையலறை டப்பாக்கள் உயரப்படி நிற்கும், ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டியிருக்கும். "என் புடவைக்குத்தான் இன்னும் சிவப்புக் கோடு போடல" என்பாள் அக்கா. அப்போதெல்லாம் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள். அவள் கல்யாணமாகிப் போனபோது நானும் பெட்டி படுக்கையோடு கூடவே போனேன். அத்தான் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த இடத்தையும் நானே அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டிரில்லில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

பதினோராம் துளையில் நூற்று எண்பத்து மூன்றாவது மீட்டரில் ஆறு மீட்டருக்குக் கனிமம் வந்தது. என் ஷிப்டில் அல்ல, அடுத்த ஷிப்டில். அந்த டிரில்லர் சேறு பூசிய கோரைச் சேறாகவே பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விட்டான். மறுநாள் காலையில் அத்தான்தான் கழுவிப் பார்த்தார். பித்தளை நிறத்தில் செம்புக் கனிமம், ஈயம் பளபளவென்று, துத்தநாகம் பழுப்பாக. அவர் சத்தம் போடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, ஈரக் கோரின் மேல் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே நின்றார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

துளை இருநூற்று நாற்பது மீட்டரில் முடிந்தது. முடிந்ததும் சர்வே எடுக்க வேண்டும். எந்தத் துளையும் நேராகப் போகாது, வளைந்துகொண்டு போகும். எங்கே எவ்வளவு வளைந்தது என்று பார்க்க, திசைகாட்டி வைத்த ஒரு சின்னக் கேமராவைக் கம்பியில் கட்டி உள்ளே இறக்குவோம். அது காசளவு பிலிமில் முள்ளைப் படம் பிடிக்கும். இதில் ஒரே ஒரு கட்டுப்பாடு. டிரில்லின் ராடுகளை மேலே இழுத்துவிட்டு, கேமரா வெறும் பாறைக்குள் தொங்கும்படி விட வேண்டும். ராடு இரும்பு. இரும்புக் குழாய்க்குள் வைத்து எடுத்தால் முள் குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும், திசை பொய்யாகிவிடும். ஆறு இடத்தில் எடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ராடைத் தூக்கி, கழற்றி, ஸ்டாண்டில் அடுக்கி, பிறகு கேமராவை விட்டு எடுப்பதற்குள் இடுப்பு கழன்றுவிடும், பொழுதும் போய்விடும்.

அன்று நாலு மணிக்கு டவுனுக்கு ஜீப் போகவிருந்தது. தையல்காரரிடம் ஒரு பேன்ட் தைக்கக் கொடுத்திருந்தேன். எனக்கு வயது இருபத்திரண்டு. ராடுகளை அப்படியே உள்ளே விட்டுவிட்டு, கேமராவை மட்டும் குழாய்க்குள் ஆறு முறை இறக்கி ஏற்றினேன். ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஆறு பிலிமையும் கொட்டகையில் அத்தானிடம் கொடுத்தேன். அவற்றைக் கழுவி, பூதக்கண்ணாடியில் படித்து, நோட்டில் ஏற்றுவதும் அவர்தான். பேன்ட் நன்றாகவே தைத்திருந்தது.

அந்தச் சர்வேயை நம்பித்தான் பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்காம் துளைகளைப் போட்டார்கள். மூன்றிலும் வெறும் சாம்பல் பாறை. தலைமை ஆபீஸிலிருந்து பெரிய ஜியாலஜிஸ்ட் வந்து இறங்கினார். வடக்குக் குன்று என்று வேறொரு இடத்தின் பெட்டிகளும் அதே கொட்டகையில்தான் இருந்தன. அங்கே கனிமம் நிறைய. அந்தப் பெட்டி இங்கே மாறி வந்துவிட்டதா, இல்லை யாராவது மாற்றி வைத்தார்களா என்று பேச்சு கிளம்பியது. மற்ற ஷிப்ட் டிரில்லரைக் கேட்டால், சேறாக இருந்தது, என்ன கண்டேன் என்று கையை விரித்துவிட்டான்.

தகரக் கூரை ஆபீஸ் அறையில், மேசைமேல் வரைபடத்தை விரித்துப்போட்டு விசாரித்தார்கள். பெரிய ஜியாலஜிஸ்ட் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார். ராடைத் தூக்கிவிட்டுத்தானே சர்வே எடுத்தாய்? பக்கத்தில் அத்தான் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஆமா சார். தூக்கிட்டுத்தான் எடுத்தேன்."

அப்படியென்றால் பெட்டிதான் மாறியிருக்க வேண்டும் என்று அவர் அத்தான் பக்கம் திரும்பினார். அத்தான் தரையைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"இருக்கலாம் சார்."

அந்த ஒரு சொல்தான் அறிக்கையில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த வாரமே அவருக்கு வேலை போயிற்று, மாதத்துக்குள் கம்பெனியும் மூட்டை கட்டியது. போகிறபோது பெட்டி மாஸ்டர் என்று கூப்பிட்ட வாய்களே, காசு வாங்கிக்கொண்டு கல்லை மாற்றினவர் என்று சொல்லிவிட்டுப் போயின. அக்கா அவரிடம் ஒரே ஒரு தடவை கேட்டாளாம், உண்மையைச் சொல்லுங்கள், மாற்றினீர்களா என்று. அவளிடமும் அவர், தெரியவில்லை, மாறியிருக்கலாம் என்றாராம். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று என்னிடம் வந்து அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அந்தக் கையை வெட்டியிருக்க வேண்டும்.

அக்கா அவரை விட்டுப் போய்விடவில்லை, சண்டை போடவில்லை, சமைத்துப் போட்டாள், காய்ச்சல் வந்தால் பக்கத்திலேயே இருந்தாள். ஆனால் அவர் பூட்டிய கதவை மறுபடி போய் இழுத்துப் பார்ப்பாள். அவர் அணைத்த அடுப்பைத் திருகிப் பார்ப்பாள். அவர் எண்ணி வைத்த மாத்திரையைத் திரும்ப எண்ணுவாள். அத்தனை சீரான மனுஷன், தான் செய்ததையெல்லாம் அவள் பின்னாலேயே வந்து சரிபார்ப்பதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, இருபத்தேழு வருஷம்.

அவருக்கு ஒரு இரும்புச் சாமான் கடையில் வேலை கிடைத்தது. ஆணி, திருகாணி, கொண்டி எல்லாவற்றையும் அளவு வாரியாக இழுப்பறைகளில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தகரத்தில் எண் அடித்து மாட்டினார். கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, உங்களைப் போன ஜென்மத்திலிருந்தே தேடிக்கொண்டிருக்கிறேன் என்றாராம். நான் டிரில்லை விட்டுவிட்டு வண்டி ஓட்டினேன், கல்யாணம் பண்ணிக்கொண்டேன், தனிக் குடித்தனம் போனேன். சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை அந்த வீட்டு வாசல் வரை போயிருக்கிறேன். அக்கா காபி கொடுப்பாள், குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

போன வருஷம் மூன்றாவது கம்பெனி வந்தது. அதன் ஜியாலஜிஸ்ட் ஒரு பெண், என் மூத்த மகள் வயதுதான் இருக்கும். ஒன்றரை வரியைப் படித்துவிட்டு அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளாத முதல் ஆள் அவள்தான். துளைகளின் வாய் எங்கெங்கே என்று காட்ட ஆள் தேடி, விசாரித்து விசாரித்து இரும்புக் கடைக்கே வந்துவிட்டாள். அத்தானின் நுரையீரல் அதற்குள் பாழாகியிருந்தது. கோர் அறுத்த தூசு. பத்து அடி நடந்தால் நிற்க வேண்டும். என் வண்டியில்தான் அவரைக் குன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

புதரை விலக்கிப் பதினோராம் துளையைக் காட்டினார். குழாய் மூடி துருப்பிடித்திருந்தது, தட்டியதும் கழன்றது. அந்தப் பெண் கொண்டுவந்த கருவியில் காந்த முள்ளே கிடையாது. இரும்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான். துளைக்குள் இறக்கி ஏற்றிவிட்டு, மடிக்கணினியில் வந்ததைப் பழைய நோட்டின் கணக்கோடு ஒப்பிட்டாள். பிறகு அத்தானைக் கூப்பிட்டுக் காட்டினாள். நோட்டில் இருந்ததற்கு முப்பது மீட்டர் கிழக்கே போயிருந்தது துளை. மற்ற மூன்று துளைகளும் கனிமத்துக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை.

"உங்க பெட்டி சரிதாங்கய்யா. யாரோ ராடுக்குள்ளயே வெச்சு சர்வே எடுத்திருக்காங்க. அன்னைக்கு டிரில்லர் யாருன்னு ஞாபகம் இருக்கா?"

நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். அத்தான் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"இல்லம்மா. ரெண்டு மூணு பேர் மாறி மாறி இருந்தாங்க. ரொம்ப நாளாச்சு."

திரும்பி வரும்போது பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டினேன். ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அத்தான், அந்தச் சர்வே எடுத்தது நான்தான். ராடை வெளிய எடுக்கல."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"அன்னைக்கே தெரியும், மச்சான். பிலிமைக் கொண்டாந்து மேசைல வெச்சே. நான் வாசல்லேர்ந்து டிரில்லைப் பார்த்தேன். ராடு அடுக்கற ஸ்டாண்டு காலியா இருந்துச்சு. ராடெல்லாம் உள்ள கிடக்குது, பிலிம் மட்டும் கைக்கு வந்துடுச்சுன்னா எப்படி? திருப்பி அனுப்பியிருக்கணும். புது பேன்ட்டுன்னு குதிச்சிட்டிருந்தே. சரி, ஒரு நாள்தானேன்னு விட்டுட்டேன். அது என் தப்பு."

விசாரணையில் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். அவர் மூச்சு வாங்கி முடிக்கிற வரை காத்திருந்தேன்.

"திறந்திருந்தா உங்கக்கா என்ன பண்ணுவா? புருஷனை நம்பணும்னா தம்பியை விடணும். அவளுக்கு இருக்கறதே நாம ரெண்டு பேர்தான்."

நான் அழுதேன். அவர் என் தோளில் தட்டிவிட்டு, வண்டியை எடு என்றார். இப்போது கருவியே சொல்லிவிட்டது, யார் பெயரும் வெளியே வராது, அக்காவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றார். குழந்தை மாதிரி அவசரப்பட்டார். வீட்டு வாசலில் இறங்கும்போது, நீ உள்ளே வராதே, உன் மூஞ்சியைப் பார்த்தால் அவளுக்குத் தெரிந்துவிடும் என்றார். எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அத்தான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். அக்கா துணி மடித்துக்கொண்டே கேட்டாள், தலையாட்டினாள், ஏதோ சொன்னாள். பிறகு அவர் வாசலுக்கு வந்து, போய்க்கோ என்று எனக்குக் கை காட்டினார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு அத்தான் மூன்று மாதம் இருந்தார். நடுவில் ஒரு நாள் போயிருந்தபோது, அவர் அணைத்த அடுப்பை அக்கா மறுபடி திருகிப் பார்த்ததைக் கவனித்தேன். பழக்க தோஷம் என்று விட்டுவிட்டேன். கடைசி வாரத்தில் அவரால் பேச முடியவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் கட்டைவிரல்மேல் தன் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே கிடந்தார்.

அவர் போய் இரண்டு மாதம் கழித்து அந்த ஜியாலஜிஸ்ட் பெண் வீட்டுக்கு வந்தாள். புதுச் சர்வேயை வைத்துத் துளை போட்டதில், அத்தான் எழுதிவைத்த அதே ஆழத்தை ஒட்டி ஏழு மீட்டர் கனிமம் வந்திருந்தது. புது அறிக்கையின் ஒரு பக்கத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். அவர் கையில் கொடுத்திருக்க வேண்டியது என்று சொல்லிவிட்டு, சீக்கிரமே எழுந்து போய்விட்டாள். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தாள். "பதினோராம் துளையின் பெட்டிகள் சரியான வரிசையில், மிகுந்த கவனத்தோடு வைக்கப்பட்டிருந்தன. பிழை திசை அளவீட்டில் நேர்ந்தது. அளவீட்டை எடுத்தவர் யார் என்பது தெரியவில்லை."

இரண்டாம் தடவையும் படித்தாள். பிறகு தாளை மடியில் வைத்துக்கொண்டு பேசினாள்.

"இதைத்தான் அன்னைக்கு வந்து சொன்னார். நான் நம்பலடா. உடம்பு இப்படி ஆயிடுச்சு, போறதுக்கு முன்னாடி மனசைத் தேத்திக்க எதையோ சொல்றார்னு நெனச்சேன். சரிங்க, இருக்கட்டும், மாத்திரை போட்டீங்களான்னு கேட்டேன். என் முகத்தையே பார்த்துட்டு நின்னார். அப்புறம், போட்டுட்டேன்னார். போய் எண்ணிப் பார்த்தேன்."

வண்டிச் சாவியைக் கையில் எடுத்தேன்.

"யாருடா எடுத்தது?" என்று கேட்டாள்.

"நான்தான்க்கா."

எல்லாவற்றையும் சொன்னேன். ஜீப், பேன்ட், காலி ஸ்டாண்டு, விசாரணை அறையில் சொன்ன பொய், வண்டியில் அத்தான் சொன்னது, அவளுக்கு இருப்பது இரண்டே பேர் என்று சொன்னது. திட்டுவாள், அறைவாள், வெளியே போ என்பாள் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"பேன்ட்டுக்காகப் பண்ணினே. சின்ன வயசு, பண்ணிட்டே. பயந்து பொய் சொன்னே. அதைக்கூட விட்டுடறேன். அவர் வந்து சொன்ன அன்னைக்கு, நீ வாசல்ல வண்டியிலதானே உட்கார்ந்திருந்தே?"

"ஆமாக்கா."

"பார்த்தேன். உள்ள வந்து, அத்தான் சொல்றது நிஜம்க்கான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்டா. நான் நம்பியிருப்பேன். நான் நம்பினதை அவர் பார்த்துட்டுப் போயிருப்பார்."

தாளை அத்தான் மடிப்பதுபோலவே ஓரத்தோடு ஓரம் பொருத்தி மடித்து, மடிப்பின்மேல் கட்டைவிரலை ஓட்டினாள். நான் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.